முதியோரின் நாட்களைக் கணித்தல் தகுமோ?

மூச்சிரைப்போடும் அறிவுமயக்கத்தோடும் எண்பது வயதினர் ஒருவர் வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவிற்குக் கொண்டுவரப்படுகின்றார். அவரை அதற்குமுன் ஒருநாளும் கண்டறியாத வைத்தியர், அவருடைய மூச்சையும் நாடியையும் எண்ணி, குருதியமுக்கத்தை அளந்து, பழைய நோய்களைக் கேட்டறிந்து, அவற்றையெல்லாம் ஓர் அட்டவணையில் இட்டுக் கூட்டி, இவர் சில கிழமைகளுக்குள் இறத்தற்குரிய வாய்ப்பு நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண்ணைப் பெறுகின்றார். இவ்வாறு கணிக்கும் முறைகள் இக்காலத்தில் மேனாடுகளிற் பல தோன்றியுள்ளன. அவை நுட்பமாகக் கணிக்கின்றனவா என்பது வைத்திய நூலார் ஆராயும் பொருள். கணித்தல் தகுமா, கணித்த எண்ணைக் கொண்டு செய்யத்தக்கது யாது, அதனை முதலில் அறிதற்கு உரியவர் யாவர் என்பன வைத்தியர் அல்லாத நாமும் ஆராய வேண்டிய பொருள். என்னையெனின், அக்கட்டிலில் இன்று கிடப்பவர் நம் தந்தையாராகவோ தாயாராகவோ இருப்பர். ஆண்டுகள் சில செல்ல, நாமே கிடப்போம்.

மரணத்தை முன்னறிய முயலுதல் புதிய துணிவன்று. கிரேக்க வைத்தியர் இப்போகிரட்டிசின் பெயரால் வழங்கும் நூற்றொகுதியில், நோயின் முடிவை முன்னுணர்தற்கென்றே ஒரு நூல் உண்டு. கூர்த்த மூக்கும் குழிந்த கண்ணும் ஒடுங்கிய நெற்றிப்பொட்டும் உடைய முகத்தை அந்நூல் மரணக் குறியாக வருணிக்கின்றது. சரக சங்கிதையில் இந்திரியத்தானம் என்னும் பகுதியின் பன்னிரண்டு அத்தியாயங்களும் இத்தகைய குறிகளை ஆராய்வனவே. நம் நாட்டுச் சித்த வைத்தியரும் நாடி பார்த்து, நோய் தீரும் தீராதென்பதை உள்ளத்தில் வகுத்துக்கொண்ட பின்னரே மருந்துக்குக் கை நீட்டினர். ஆயின் பண்டையோர்க்கும் இக்காலத்தார்க்கும் ஒரு வேற்றுமை உண்டு. பண்டையோர் "தீரும்" என்றனர், அல்லது "தீராது" என்றனர். இக்காலத்தார் "இவரையொத்த நூறுபேரில் இத்தனைபேர்" என்கின்றனர். இவ்வேற்றுமை சிறிதென எண்ணற்க; நாம் ஆராயப் புகுந்த பொருள் முழுவதும் அதனைப் பற்றியே நிற்கின்றது.

ஆயுளை அளத்தல் இறைவன் செயல், மனிதர் அதனைக் கூட்டிக் கழித்துப் பார்த்தல் அபசாரமும் அமங்கலமுமாம் என்பார் நம்மிற் சிலர் உளர். இவர்களே பிள்ளை பிறந்தவுடன் சாதகம் எழுதுவித்து, ஆயுள் எப்படியென்று முதலிற் கேட்போர். சோதிடர் சொல்லின் தட்சிணையும் வைத்தியர் சொல்லின் கோபமும் கொடுத்தல் என்ன நியாயமோ யாம் அறியோம். இது நிற்க.

கணிக்கும் முறைகளுட் சிலவற்றை ஈண்டு நோக்குவாம். இலண்டனிலுள்ள அரச வைத்தியர் கல்லூரியார் 2012ஆம் ஆண்டில் வெளியிட்டு 2017இல் திருத்திய முறையொன்று பல வைத்தியசாலைகளிற் கையாளப்படுகின்றது. அது நோயாளரின் உடல்நிலை தாழ்வதை அறிவிக்கும் எச்சரிக்கைக் கருவி. மூச்சின் விரைவு, குருதியிலுள்ள ஒட்சிசன், குருதியமுக்கம், நாடித்துடிப்பு, உணர்வுநிலை, உடல்வெப்பம் என்னும் ஆறினையும் அளந்து, ஒவ்வொன்றும் நலமான அளவினின்று விலகிய தூரத்துக்கேற்பப் புள்ளியிடுவர். ஒட்சிசன் ஊட்டப்படின் அதற்கும் புள்ளி உண்டு. நிமிடத்திற்கு 25 முறையோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினால் 3 புள்ளி. புதிதாக அறிவு தடுமாறினாலும் 3 புள்ளி. கூட்டுத்தொகை 7ஐ எட்டின் வைத்தியர் விரைந்து வரல் வேண்டும். இம்முறையில் வயதுக்குப் புள்ளி இல்லை. இருபது வயதினரும் எண்பது வயதினரும் ஒரே தராசில் நிறுக்கப்படுவர். ஆகவே அஃது அந்நேரத்து உடலைக் காட்டுமேயன்றி, அவ்வுடல் அதுவரை எவ்வாறு வாழ்ந்துவந்தது என்பதைக் காட்டாது.

அக்குறையை நிரப்புவது, கனடாவிலுள்ள ஹலிபாக்ஸ் நகரத்துக் கெனத் றொக்வூட் என்பாரும் அவர் துணைவரும் 2005இல் வகுத்த தளர்ச்சி அளவுகோல். ஏழு படியாகத் தொடங்கிப் பின்னர் ஒன்பது படியாகிய இவ்வளவுகோல், ஆண்டுகளை எண்ணாது தளர்ச்சியை எண்ணுகின்றது. முதியவர் தாமே கடைக்குப் போய் வருவாரா, சமைப்பாரா, குளித்தற்கும் உடுத்தற்கும் பிறர் கை வேண்டுமா என்பனவே வினாக்கள். எழுபதில் முற்றாகத் தளர்ந்தாரும், தொண்ணூறில் தோட்டத்துக்கு நீர் இறைப்பாரும் உளர் என்பதை ஊரறியும். அதனை வைத்தியநூல் படிகளாக எழுதிக்கொண்டது அவ்வளவே. இதில் ஒரு விதி மிக நியாயமானது. நோயோடு வந்து கிடக்கும் நிலையை நோக்கிப் படி குறித்தலாகாது. இரு கிழமைகளுக்கு முன் அவர் எவ்வாறிருந்தார் என வினாவியே குறித்தல் வேண்டும். காய்ச்சலிற் கிடக்குங்கால் தளராதார் யார்?

இவ்விரு நோக்கையும் ஒருங்கு சேர்த்தது, மக்னோலியா கார்டோனா-மொறெல், கென் ஹில்மன் என்போர் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரிலிருந்து 2015இல் வெளியிட்ட "கிறிஸ்ரல்" என்னும் முறை. 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர் அவசரமாகக் கொண்டுவரப்படின், அந்நேரத்து உடற்குறிகளோடு, புற்றுநோய், இதயத்தளர்ச்சி, சிறுநீரக நோய் முதலிய பழைய நோய்களும், முந்திய ஆண்டில் வைத்தியசாலையிற் கிடந்தாரா என்பதும், முதியோர் இல்லத்தில் வாழ்பவரா என்பதும், தளர்ச்சியின் அளவும் கணக்கில் ஏறும். ஹில்மன் என்பவரது வரலாறு நினைக்கத்தக்கது. விடுதியிலுள்ள நோயாளரின் நிலை திடீரெனத் தாழும்போது ஓடிச்சென்று காக்கும் வைத்தியர் குழுவை, 1990ஆம் ஆண்டளவில் சிட்னியின் லிவர்பூல் வைத்தியசாலையில் ஏற்படுத்தியோருள் அவர் முதன்மையானவர். போகும் உயிரைத் துரத்திப் பிடித்தலையே தொழிலாகக் கொண்ட அவர், அக்குழு அழைக்கப்பட்டுச் சென்ற கட்டில்களிற் பல, வாழ்நாள் இயல்பாக முடிகின்ற முதியோரின் கட்டில்களே எனக் கண்டார். அவர்களிடம் யாரும் ஒன்றும் கேட்டிலர்; அவர்கட்குச் செய்யப்படுவனவெல்லாம் கேளாமலே செய்யப்பட்டன. அக்கேள்வியைத் தொடங்கி வைத்தற்கே இக்கணிதம் என்பது அதனை வகுத்தோர் கூறிய நோக்கம்.

இனி, கணிதம் எதற்கு, அனுபவமுள்ள வைத்தியரின் கண்ணே போதாதோ எனின், போதாது. நிக்கலஸ் கிறிஸ்ராக்கிஸ், எலிசபெத் லமொன்ற் என்னும் இருவர் சிக்காகோவிற் செய்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், இறுதி நோயிற் கிடந்த 468 பேரின் எஞ்சிய நாட்களை 343 வைத்தியர் மதித்துக் கூறினர். ஏறக்குறையச் சரியாயமைந்தவை நூற்றுக்கு 20 மட்டுமே. நூற்றுக்கு 63 மதிப்புகள் நாட்களை மிகுத்துக் கூறின. எல்லாவற்றையும் சேர்த்து நோக்கின், வைத்தியர் கூறிய நாட்கள் நிகழ்ந்த நாட்களினும் ஐந்து மடங்குக்கு மேலாயின. இதனினும் வியப்பொன்று உண்டு. வைத்தியருக்கும் நோயாளருக்கும் பழக்கம் நீள நீள மதிப்பின் திருத்தம் குறைந்தது. அன்பு கண்ணை மறைத்தது போலும்! ஆகவே, அவசர சிகிச்சைப் பிரிவிலே இரவு கடமையிலிருக்கும் அந்நியராகிய வைத்தியர், முப்பதாண்டு பழகிய குடும்ப வைத்தியரினும் நாட்களைத் தெளிவாகக் காணக்கூடும். ஆனால் அவ்வந்நியருக்கு அம்முதியவர் எதனை விரும்புவார், எதனை வெறுப்பார், எதன்பொருட்டு இன்னும் சிலநாள் இருக்க ஆசைப்படுவார் என்பதில் ஒன்றேனும் தெரியாது. நாட்களைக் காண்பவர் மனிதரை அறியார். மனிதரை அறிந்தவர் நாட்களைக் காணார். எண்ணொன்று கையிற் கிடைத்ததும் இவ்விடர் தீர்ந்ததென்று நினைப்பவர், அதில் ஒரு பாதியையே நினைத்தவராவர்.

எண்ணின் வலிமை தானும் எவ்வளவு? "இந்நோயாளர் ஓராண்டுக்குள் இறப்பின் யான் வியப்பேனா?" என வைத்தியர் தம்மைத் தாமே வினாவும் முறையொன்று அமெரிக்க வைத்தியர் ஜோவான் லின் என்பவரால் வழக்கிற்கு வந்தது. அதனைப் பற்றிய பல ஆய்வுகளைத் திரட்டி, 11,621 நோயாளரின் முடிவுகளை ஒருங்கு நோக்கிய கட்டுரை 2017இல் கனடா வைத்தியச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. "வியப்படையேன்" என்று வைத்தியர் குறித்தவருள் நூற்றுக்கு ஏறக்குறைய 37 பேரே குறித்த காலத்துள் இறந்தனர். "வியப்பேன்" எனப்பட்டவருள் 93 பேர் பிழைத்திருந்தனர். வாழ்வாரைக் கூறுதல் எளிது, இறப்பாரைக் கூறுதல் அரிது என்பது இதனாற் போதரும். நூற்றுக்கணக்கான மாணவரை ஆண்டுதோறும் பரீட்சைக்கு அனுப்பும் ஆசிரியர்க்கு இது புதுமையன்று. இவ்வகுப்பில் பதின்மர் தவறுவர் என்று சொல்லுதல் அவர்க்கு எளிது. அப்பதின்மரைப் பெயர் சுட்டச் சொன்னால் அவர் தயங்குவர். தயங்காத ஆசிரியரிடம் பிள்ளைகளை விடுதல் நன்றன்று.

அமெரிக்காவின் ஐந்து போதனா வைத்தியசாலைகளில், கடும் நோயுற்ற 9,105 பேரைப் பற்றி நிகழ்ந்து 1995இல் வெளிவந்த பேராராய்ச்சி இத்துறையில் யாவரும் எடுத்துக்காட்டுவது. அதன் கணிதம் மிகக் கவனமாக அமைக்கப்பட்டது. ஆயினும் பின்னர், இறந்தவரை மட்டும் எடுத்து, அவர்கட்கு இறப்புக்கு முன் அக்கணிதம் என்ன கூறியது எனப் பார்த்தபோது, நடுத்தரமான ஒருவர்க்கு ஒரு கிழமை முன் "இரு மாதம் பிழைத்திருக்க நூற்றுக்கு 51 வாய்ப்பு" என்றும், இறப்புக்கு முதனாளில் "17 வாய்ப்பு" என்றும் கூறியிருந்தமை தெரிந்தது. நாளை இறப்பவர்க்கும் இன்று ஆறில் ஒரு பங்கு நம்பிக்கை உண்டு. கணிதம் "இவர் இறப்பது உறுதி" என்று சொல்லும் வரை காத்திருப்போம், பின்னர் பேசுவோம் என்பார்க்குப் பேசுங்காலம் ஒருபோதும் வாராது.

அற்றேல், இத்தகைய நிச்சயமில்லாத எண்ணை எண்ணாது விடுதலே நன்றன்றோ எனின், அன்று. எண்ணாது விடுதலும் ஒரு கணிப்பே. தொண்டையிற் குழாய் இட்டு, நெஞ்சை அழுத்தி, இயந்திரத்தோடு பிணைத்தல் யாதொரு வினாவுமின்றி நிகழுமாயின், அங்கே ஒருவர் "இவர் பிழைப்பார், பிழைத்தலையே விரும்புவார்" என்று மனத்துள் முடிவு செய்துவிட்டார். அம்முடிவை எழுதவில்லை என்பதே வேற்றுமை. மேற்கூறிய அமெரிக்க ஆராய்ச்சியிலே, நெஞ்சையழுத்தி உயிர்ப்பித்தல் வேண்டாமென விரும்பிய நோயாளரின் விருப்பத்தை அறிந்திருந்த வைத்தியர் நூற்றுக்கு 47 பேரே. நினைவோடிருந்து வைத்தியசாலையில் இறந்தவருள் அரைவாசிப் பேர், பாதி நேரத்துக்குக் குறையாமல் நடுத்தரமாகவோ கடுமையாகவோ நோவுற்றிருந்தனர் என்று உறவினர் உரைத்தனர். ஆராய்ச்சியின் இரண்டாம் பகுதியில், கணித்த எண்களை வைத்தியர் கையிற் கொடுத்து, நோயாளரோடும் உறவினரோடும் பேசுதற்கெனப் பயின்ற தாதியரையும் நியமித்தனர். ஒன்றும் மாறவில்லை! எண்ணைப் பெறுதலால் மட்டும் பேசுந் துணிவு வந்துவிடுவதில்லை என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்றை யாம் கண்டிலேம்.

எண்ணிலே பெரியதோர் ஆபத்தும் உண்டு. அஃது எண் பிழைப்பதனால் வருவதன்று. எண் தன்னைத் தானே மெய்யாக்கிக் கொள்வதனால் வருவது. "இவர் இறப்பார்" என்று கணிக்கப்பட்டவர்க்குச் சிகிச்சை தளர்கின்றது. சிகிச்சை தளர்ந்தமையால் அவர் இறக்கின்றார். அவர் இறந்தமை கணிதத்தின் வெற்றியாக எழுதப்படுகின்றது. அடுத்து வருபவர்க்கு அவ்வெற்றியே சான்றாகின்றது. மூளையிற் குருதி கசிந்து கிடந்தவர்களைப் பற்றி 2001இல் அமெரிக்க நரம்பு வைத்திய இதழொன்றில் வெளிவந்த ஆராய்ச்சி, அவர்களின் முடிவைத் தீர்மானிக்கும் ஏதுக்களுள் முதன்மையானது அவர்கட்கு அளிக்கப்பட்ட வைத்திய ஆதரவின் அளவே என்று கண்டது. கைவிடப்பட்டமையே மரணத்தின் ஏது, ஆனால் ஏட்டிலே நோயின் பெயர் எழுதப்பட்டிருக்கும். வகுப்பிலும் இதுவே நிகழ்கின்றது. "இவன் தவறுவான்" என்று ஆசிரியர் உள்ளத்தில் எழுதிவைத்த மாணவனின் கொப்பியைத் திருத்துங்கால் சிவப்பு மை சுருங்குகின்றது. அவனை நோக்கிக் கேட்கப்படும் வினாக்களும் அருகுகின்றன. ஈற்றில் அவன் தவறுகின்றான். ஆசிரியர் தம் தீர்க்கதரிசனத்தை மெச்சிக்கொள்கின்றார்.

2020ஆம் ஆண்டு பங்குனி மாதம், கொவிட் நோய் பரவியபோது, இங்கிலாந்திலே இவ்வாபத்து நாடறிய வெளிப்பட்டது. தளர்ச்சி அளவுகோலைக் கொண்டு, தீவிர சிகிச்சைக்கு உரியார் யாவரென ஆராயும் நெறியொன்றை அந்நாட்டு வைத்திய நெறி வகுக்கும் நிலையத்தார் அம்மாதம் 20ஆந் திகதி வெளியிட்டனர். பிறவியிலிருந்தே பிறர் உதவியால் வாழும் அங்கவீனரும், கற்றற்குறை உடையாரும் அவ்வளவுகோலிற் "தளர்ந்தவர்" எனக் கணிக்கப்படுவரே என்று எதிர்ப்பு எழுந்தது. ஐந்து நாள் கழித்து, 25ஆந் திகதி, 65 வயதுக்குக் குறைந்தவர்க்கும், நிலையான அங்கவீனமும் கற்றற்குறையும் உடையார்க்கும் அவ்வளவுகோலை இடலாகாதென அந்நெறி திருத்தப்பட்டது. அளவுகோல் பிழையானதன்று, முதியவர் ஒருவர் எவ்வளவு தளர்ந்தார் என அறிதற்கு வகுத்த கோலை, வாயிலைச் சாத்தும் தாழாக மாற்றியது பிழை.

ஆதலின் எண்ணை எங்கு வைத்தல் வேண்டும் என்பதே வினா. யாம் கருதுவது இது: எண் மிகுந்தால் வைத்தியர் செய்யத்தக்கது சிகிச்சையைக் குறைத்தலன்று, முதியவரிடம் செல்லுதல். நூற்றுக்கு நாற்பது என்னும் கணக்கு அவரைப் பற்றி எதனையும் முடிவுசெய்யவில்லை. அவரிடம் கேட்டற்குரிய காலம் வந்துவிட்டது என்பதை மட்டும் அது முடிவுசெய்கின்றது.

அவரிடம் என்றோம், அவர் மக்களிடம் என்றிலோம். நம் நாட்டில் இவ்விடத்திலேதான் இடர்ப்பாடு மிகுகின்றது. முதியவரைக் கட்டிலில் விட்டு, வைத்தியரும் மக்களும் நடைபாதைக்குப் போய்க் கூடிப் பேசுவர். "ஐயாவுக்கு ஒன்றும் சொல்லவேண்டாம் டொக்ரர், அவர் தாங்கமாட்டார்" என்பர். திரும்பி வந்து சிரித்த முகத்தோடு தண்ணீர் பருக்குவர். எமக்குத் தெரிந்த முதியவர் ஒருவர், இளமையிற் பிறக்கிராசியார் ஒருவரிடம் எழுத்தராய் இருந்தவர், எண்பத்துநான்காம் வயதில் இவ்வாறு ஓரிரவு கிடத்தப்பட்டார். மக்களும் இளவைத்தியரும் கட்டிலருகே நின்று, அவர்க்கு விளங்காதென்றெண்ணி ஆங்கிலத்திற் பேசினர். ஒரு மாதத்துள் முடிதல் நூற்றுக்கு நாற்பது என்பது பேச்சு. உறுதிகளையும் வழக்குப் பத்திரங்களையும் நாற்பதாண்டு ஆங்கிலத்தில் எழுதிய அம்முதியவர் கண்விழித்து, வைத்தியரை ஆங்கிலத்திலேயே அழைத்து, "அறுபது எனக்கு, நாற்பது யமனுக்கு, நல்ல பங்குதான். ஆனால் பங்காளியை ஏன் பிரிவினைக்கு அழைக்கவில்லை?" என்றார். பின்னர் மக்களை நோக்கித் தமிழில் மூன்று காரியங்கள் சொன்னார். தொண்டையிற் குழாய் வேண்டாம். ஊசியும் மருந்தும் வேண்டும். இளைய மகளின் பெயரில் எழுதவேண்டிய உறுதி பெட்டியில் இருக்கிறது, விடிந்தவுடன் நொத்தாரிசை அழைத்து வருக. அம்மூன்றும் மக்கள் அறியாதவை. அவற்றுள் ஒன்றையேனும் எந்த அட்டவணையும் கணித்திராது. அவர் அவ்விரவில் இறந்திலர், அம்மாதத்திலும் இறந்திலர், நான்காம் மாதத்தில் தம் வீட்டுத் திண்ணையை அடுத்த அறையில் இறந்தார். இதனால் வைத்தியர் கணக்குப் பொய்த்தது என்பார் கணக்கறியார். நூற்றுக்கு நாற்பதென்றால் எஞ்சிய அறுபதின்மர் இறவாதோரே.

"தாங்கமாட்டார்" என்னும் சொல்லில் அன்பு இல்லையென யாம் கூறோம். ஆயினும் பலகால் தாங்கமாட்டாதவர் சொல்லுகின்ற மக்களே. தாயையும் தந்தையையும் துணையையும் தமக்கு முன்னே அனுப்பி, எண்பது வயது வரை வாழ்ந்த ஒருவர்க்கு மரணம் அறிமுகமில்லாத விருந்தாளியன்று. எவர்க்கும் வலிந்து சொல்லுக என்பதும் எம் கருத்தன்று. அறிய விரும்பாதார் உளர். அவர்க்கு அறியாதிருத்தலும் உரிமையே. ஆனால் அவ்வுரிமையைப் பயன்படுத்துவோர் அவராயிருத்தல் வேண்டும். "உங்கள் நோயைப் பற்றி எவ்வளவு அறிய விரும்புகின்றீர்கள்? பிள்ளைகளிடம் சொன்னாற் போதுமா?" என்னும் இரண்டு வினாக்கள் அரை நிமிடத்தில் அடங்கும். "பெரியவனிடம் சொல்லுங்கள், எனக்கு வேண்டாம்" என அவர் கூறின், அப்பொழுது நடைபாதையிற் பேசுதல் குற்றமன்று. அவரே அனுப்பிய பேச்சு அது. அறிவு மயங்கிக் கிடப்பாரிடம் இவ்வினாவைக் கேட்டல் இயலாது. அங்கே மக்களிடம் கேட்டல் வேண்டும். கேட்குங்கால் "நீங்கள் என்ன விரும்புகின்றீர்கள்" என்னாது, "உங்கள் தாயார் பேசக்கூடுமாயின் என்ன சொல்லுவார்" எனக் கேட்டல் வேண்டும். முன்னைய வினா, தாயின் உயிரைத் தராசில் இட்டு நிறுக்கும் பாரத்தை மகன் தலையில் ஏற்றுவது. பின்னையது அவனைச் சாட்சியாக மட்டும் அழைப்பது.

இன்னுமொன்று. எண் நாழிகைக்கு நாழிகை மாறும் இயல்பினது. மூச்சு நிமிடத்திற்கு 28ஆக இருந்தபோது எடுத்த கணக்கு, மருந்து சென்று மூச்சு 18ஆக இறங்கியபின் செல்லாது. வாயிலில் எழுதிய எண்ணே மூன்றாம் நாளும் கட்டிலின் தலைமாட்டில் தொங்குமாயின், அதனை நோக்கி வரும் ஒவ்வொரு தாதியும் வைத்தியரும் பழைய நோயாளரையே காண்பர். ஆகவே மறுநாட் காலையில் மூச்சையும் நாடியையும் திரும்ப எண்ணி, முதல் எண்ணை அடித்துவிட்டுப் புதியதை எழுதி, முதியவரிடம் முன்னாளிற் கேட்ட வினாக்களை மீளவும் கேட்டல் வேண்டும். இரவிற் சொன்ன விடையைப் பகலில் மாற்றுதற்கும் அவர்க்கு உரிமை உண்டு.